நின்று நின்று ஓடிய ஜெனரேட்டர்

நவம்பர் 20, புதன்

சாயங்காலம் பஞ்சாயத்து ஆட்டோ வந்து மைக்கில் சொல்லிவிட்டுப் போனது. நாளை ராத்திரி புயல் கரை ஏறுமாம். குடத்தில் தண்ணீர் பிடித்து வை, மெழுகுவத்தி வாங்கி வை என்று. எனக்கு அதெல்லாம் பயமில்லை. ஒரே பயம் கரண்டு.

இவருக்கு நுரையீரல் கெட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ரைஸ் மில்லில் காலமெல்லாம் தவிட்டுத் தூசியைக் குடித்த நெஞ்சு. மூக்கில் டியூப்பை மாட்டிக்கொண்டு ஆக்சிஜன் மெஷின் பக்கத்திலேயே கிடக்கிறார். அந்த மெஷின் கரண்டில் ஓடுவது. கரண்டு நின்றால் அதுவும் நிற்கும். அது நின்றால் என்ன என்பதை எழுத வேண்டாம்.

ஆனால் இது தையல்நாயகி வீடு. இந்தத் தெருவில் ஜெனரேட்டர் வைத்திருக்கிறவள் நான் ஒருத்திதான். திருவிழாவுக்குத் திருவிழா வளையல் கடை போட்டு, பக்கத்துக் கடைக்காரனிடம் வெளிச்சம் கடன் கேட்கக் கூடாது என்று நானே வாங்கியது. சின்ன பெட்ரோல் எஞ்சின்தான். நான் படித்தது ஐந்தாவது. அதனாலென்ன, கயிற்றை இழுத்து அதைக் கிளப்ப என்னை மிஞ்ச இங்கே ஆம்பளை கிடையாது.

ஆயுத பூஜைக்கு அதைக் கழுவித் துடைத்து, டேங்க் மூடியின் நட்ட நடுவில் ரூபாய் அகலத்துக்குச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தேன். இன்னும் கல்லாட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்று அதன் மேலேயே புதுப் பொட்டு ஒன்று வைத்து, கும்பிட்டு, இழுத்துப் பார்த்தேன். ஒரே இழுப்பு. கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்தேன்.

இந்த டைரி பேத்தி நித்திலா கொடுத்தது. மெட்ராஸில் நர்சுக்குப் படிக்கிறாள். ஆக்சிஜன் அளவு பார்க்கத் தாத்தா விரலில் மாட்டுகிற கிளிப்பு எவ்வளவு காட்டுகிறது என்று தினமும் எழுது ஆத்தா, அது போதும் என்றாள். அதோடு நிறுத்துகிற ஆளா நான்.

கிளிப்பு: 93.

நவம்பர் 22, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. இப்போது விடிந்திருக்கிறது. வாசல் தென்னை ரெண்டும் படுத்துவிட்டது. முருங்கை போயே போய்விட்டது. கொல்லையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது. ஓடு பறந்த இடத்தில் மருமகள் கோகிலா வளையல் கடைத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினாள். மகன் லாரியோடு ஒடிசா பக்கம் போனவன், எங்கே இருக்கிறானோ. போனில் டவர் இல்லை.

நேற்று ராத்திரி கரண்டு போனதும் ஜெனரேட்டரைக் கிளப்பினேன். பக்கவாட்டுச் சாய்ப்பில் செங்கல் அடுக்கி மேலே வைத்திருக்கிறோம். புகை உள்ளே வராமல் ஜன்னல் வழியாக வயர் மட்டும் வருகிறது. ஒரே இழுப்பில் கிளம்பியது. மெஷின் ஓடியது. இவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

ஒரு சோறு வேகிற நேரம்கூட ஆகவில்லை. எஞ்சின் ரெண்டு தடவை எம்பி எம்பிக் குரலை மாற்றியது. நின்றுவிட்டது.

இழுத்தேன், இழுத்தேன், தோள் கழன்று போகிற மாதிரி இழுத்தேன். வரவில்லை. பெட்ரோல் தீர்ந்ததோ என்று மூடியைத் திறந்தேன். திறக்கும்போது பெருமூச்சு மாதிரி ஸ்ஸ் என்றது. உள்ளே பாதி டேங்க் பெட்ரோல் இருக்கிறது. மூடிவிட்டு இழுத்தால் கிளம்புகிறது. கிளம்பி, திரும்பவும் அதே மாதிரி எம்பி நிற்கிறது. விடிய விடிய இதே கதை. அது நிற்கிறபோதெல்லாம் கோகிலா அவள் மாமாவைத் தலையணைமேல் முன்னால் சாய்த்து உட்கார வைத்து முதுகைத் தடவிக்கொண்டே இருக்கிறாள். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிவிடுகிறது.

காலையில் குளித்துவிட்டு மூடிக்குப் புதுச் சந்தனம் வைத்தேன்.

கிளிப்பு: ஓடும்போது 90. நிற்கும்போது 79.

நவம்பர் 22, மத்தியானம்

கோகிலா இடுப்பளவு தண்ணீரில் போய் ஜபருல்லா பாயைக் கூட்டிவந்தாள். பஸ் ஸ்டாப்பில் டூவீலர் மெக்கானிக். கடைக் கூரை முழுசாகப் பறந்துவிட்டதாம். அதை விட்டுவிட்டு வந்திருக்கிறார், பாவம்.

வந்ததும் ஒரு துணியை எடுத்து எஞ்சினைத் துடைத்தார். மண், எண்ணெய்ப் பிசுக்கு, பல்லி எச்சம் எல்லாம். மூடியைத் திறக்கும்போது மட்டும் என் சந்தனப் பொட்டில் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துத் திருகினார். மரியாதை தெரிந்த மனுஷர். திறந்து உள்ளே பார்த்துவிட்டு, கார்பரேட்டருக்குப் போகிற டியூப்பைப் பிடுங்கினார். பெட்ரோல் கடகடவென்று கொட்டியது. டேங்கில் குறையில்லை அக்கா, கோளாறு கார்பரேட்டரில்தான் என்றார்.

கார்பரேட்டர் என்பது எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து ஊட்டுகிற இடம் என்று சொன்னார். அடியில் இருந்த கிண்ணத்தைக் கழற்றினால் கஷாயக் கசடு மாதிரி அழுக்கு. மிதவை ஒன்று இருந்தது, அதைக் காதோரம் ஆட்டிப் பார்த்தார். ஜெட் என்று ஊசிமுனைத் துளை. பிரேக் வயரில் ஒரே ஒரு இழையைப் பிரித்து அதில் விட்டுக் குத்தினார். வாயை வைத்து ஊதினார். காற்று வடிகட்டுகிற ஸ்பான்ஜைப் பெட்ரோலில் அலசிப் பிழிந்தார். எல்லாம் மாட்டி, டேங்கை மூடி இழுத்தார். கிளம்பியது.

உங்க எஞ்சின் மாமியார் மாதிரி அக்கா, நாலு பேர் பார்த்துக் கவனிச்சாத்தான் சோறு தின்னும் என்றார். கோகிலா சிரித்தாள். புயலுக்குப் பிறகு இந்த வீட்டில் முதல் சிரிப்பு. நானும் வையாமல் விட்டுவிட்டேன்.

நவம்பர் 22, விளக்கு வைக்கும் நேரம்

நின்றுவிட்டது.

நவம்பர் 23, சனி

பாய் ராத்திரி போகவே இல்லை. சாய்ப்பிலேயே சாக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ரெண்டு தடவை கார்பரேட்டரைக் கழற்றி மாட்டினார். பிளக்கை அடுப்பில் காட்டிச் சூடாக்கிப் போட்டார். சோக்கைப் பாதி இழுத்து வைத்தார், முழுசாகத் தள்ளி வைத்தார். ஒவ்வொரு தடவையும் டேங்கில் பெட்ரோல் பார்க்கிறோம், மூடுகிறோம், கிளம்புகிறது. சரியாகிவிட்டது என்று உள்ளே வந்து உட்காருவதற்குள் எம்பி நிற்கிறது. கிளம்பாமலே இருந்தால்கூட மனசு ஒரு முடிவுக்கு வந்துவிடும்.

ஆம்புலன்சுக்கு வழியில்லை. மெயின் ரோட்டில் நூறு மரம் கிடக்கிறதாம், வாய்க்கால் பாலத்தின் மேல் தண்ணீர் ஓடுகிறதாம். கட்டிலோடு தூக்கிப் போகலாமா என்று கேட்டேன். டியூப் இல்லாமல் பாலம் வரைக்குமே தாங்க மாட்டார் என்று பாய் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

பெட்ரோல் குறைந்தது. இருக்கிற மூன்று வீட்டு வண்டியிலிருந்தும் டியூப் போட்டு உறிஞ்சிக் கொண்டுவந்து டேங்கை முழுசாக நிரப்பினோம். இனிமேல் நாளெல்லாம் ஓடும் என்று நினைத்தேன். இவர் வாயில் ரெண்டு ஸ்பூன் கஞ்சி ஊட்டுவதற்குள் நின்றது. முன்னாலாவது கொஞ்ச நேரம் தாக்குப் பிடித்தது. வயிறு நிறைய ஊற்றினால் உடனே நிற்கிறது, அரைவயிறு ஊற்றினால் கொஞ்சம் ஓடுகிறது. இது எந்த ஊர் நியாயம்? பாயும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறார். மிதவை மேலேயே சிக்குகிறது போல என்று மறுபடியும் கழற்ற உட்கார்ந்தார்.

கோகிலாவை இன்று வைதுவிட்டேன். டேங்க் மூடியை எடுத்துக்கொண்டு போய், அத்தை, இதையும் நல்லாக் கழுவிடட்டுமா என்று சொம்புத் தண்ணீரோடு நின்றாள். பூஜை பண்ணி வைத்த பொட்டை அழிக்கவா உன்னை இந்த வீட்டுக்குக் கூட்டிவந்தேன், தாலி கட்டினவர் இப்படிக் கிடக்கும்போது குங்குமத்தில் கை வைக்கிறாயே, உனக்கு நெஞ்சு இருக்கா என்றேன். அவள் மூடியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். நான் அதன் மேல் இன்னும் ஒரு சுற்றுச் சந்தனம் குழைத்து வைத்தேன். மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டேன்.

கிளிப்பு: ஓடும்போது 86. நிற்கும்போது 71. நித்திலா இதைப் பார்த்தால் என்ன சொல்வாள் என்று தெரியும். அதனால் போன் டவர் வராமல் இருப்பதே நல்லது.

நவம்பர் 24, ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது. ஆனாலும் எழுதுகிறேன், எழுதாமல் சும்மா உட்கார முடியவில்லை.

காலையில் இவர் கண்ணைத் திறந்து என் கையைப் பிடித்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் இழுத்து இழுத்து மூச்சு.

"போதும் தையலு. அதை விட்டுடு. உட்காரு இங்க."

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் அவர் சொன்னதற்குச் சரி என்று ஆகிவிடும்.

பத்து மணி வாக்கில் எதிர்வீட்டு அஞ்சலை வந்தாள். முந்தானைக்குள் எதையோ மறைத்துப் பிடித்திருந்தாள். சின்னக் கிண்ணத்தில் பால். ஒரு வாய் ஊத்திடு அக்கா, நல்ல மூச்சு இருக்கும்போதே ஊத்திடணும் என்று காதோடு சொன்னாள். அவள் கெட்டவள் இல்லை. அவள் புருஷனுக்கு அந்தப் பால் கிடைக்காமல் போன ஆதங்கம் அவளுக்கு. ஆனாலும் கிண்ணத்தை அவள் கையோடு சேர்த்துப் பிடித்து வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன்.

"உன் பாலைக் காப்பிக்கு வச்சுக்க. என் வீட்டுல இன்னும் எஞ்சின் இருக்கு."

அப்படிச் சொல்லிவிட்டுத் திரும்புகிறேன், எஞ்சின் எம்புகிறது. நின்றது.

சாய்ப்புக்கு ஓடினேன். பாய் கயிற்றை இழுத்து இழுத்து உள்ளங்கை கிழிந்து துணி சுற்றியிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். பிள்ளையைப் பறிகொடுத்தவன் முகம் மாதிரி இருந்தது. பெட்ரோல் பாருங்க அக்கா என்றார். மூடியைத் திறந்தேன். ஸ்ஸ் என்றது. அந்தப் பொட்டைப் பார்த்தேன். இத்தனை நாள் விடாமல் வைத்த பொட்டு. சந்தனம், குங்குமம், மேலே ஒரு செம்பருத்தி இதழ்கூட. எஞ்சினைப் பார்த்துச் சில வார்த்தை சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது. சாமியையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

அப்போது மூடி கை தவறிக் கொல்லைத் தண்ணீரில் விழுந்துவிட்டது.

தேட ஏது நேரம். உள்ளேயிருந்து கோகிலா அத்தை, அத்தை என்று கூப்பிடுகிறாள். சாய்ப்பு ஒழுகுகிறது, டேங்கில் மழைத் தண்ணீர் விழுந்தால் எஞ்சின் ஒரேயடியாகப் போய்விடும் என்றார் பாய். அடுப்படியிலிருந்து எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுவந்து டேங்க் வாயில் கவிழ்த்தேன். இழுங்க பாய் என்றேன். இழுத்தார். கிளம்பியது.

அதன் பக்கத்திலேயே நின்றேன். எப்போது எம்பும், எப்போது எம்பும் என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். அதிர்வில் டம்ளர் மட்டும் டேங்கின் மேல் கிலுகிலு என்று ஆடியது. கிலுக்கு ஆட்டுகிற குழந்தை மாதிரி. எஞ்சின் எம்பவில்லை.

சாயங்காலம் ஆயிற்று. எம்பவில்லை.

நவம்பர் 25, திங்கள்

இன்னும் ஓடுகிறது. ஓடும்போதே டம்ளரைத் தூக்கி, அடுத்த தெரு வண்டிகளில் உறிஞ்சி வந்த பெட்ரோலை ஊற்றுகிறோம். அப்படி ஊற்றக் கூடாதுதான், பற்றிக்கொள்ளும் என்று பாய் பயப்படுகிறார். ஆனால் அணைக்க எங்கள் ரெண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை.

கடைசியாக ஜெட்டைக் குத்தினது நல்லபடியாக உட்கார்ந்துவிட்டது என்று பாய் சொல்கிறார். அப்படித்தான் இருக்கும் என்றேன். அவர் கிழிந்த கையில் மஞ்சள் அரைத்துப் போட்டேன். கோகிலா அவருக்குச் சோறு போட்டாள்.

மூடி இல்லாமல், பொட்டு இல்லாமல் ஓடுவதுதான் எனக்கு என்னவோ மாதிரி இருக்கிறது.

இவர் தூங்கினார். நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளிப்பு: 89.

நவம்பர் 26, செவ்வாய்

தண்ணீர் வடிந்தது. மூடி கிடைத்தது. கொல்லைக் கடைசியில், மதில் ஓரத்தில், வாழைப் பாத்திக்குள் கிடந்தது. கோகிலாதான் எடுத்துவந்தாள். கை தவறி விழுந்த மூடி அவ்வளவு தூரம் எப்படிப் போயிற்று என்று அவள் கேட்கவில்லை. தண்ணீர் இழுத்துப் போயிருக்கும்.

இரண்டு நாள் ஊறியதில் சந்தனம் பாதி கரைந்திருந்தது. மிச்சத்தை நகத்தால் நெம்பினேன். தேங்காய்ச் சில்லு மாதிரி கெட்டியாகப் பெயர்ந்து வந்தது, அடுக்கு அடுக்காக. ஒவ்வொரு நாள் வைத்ததும் தனித்தனியாகத் தெரிந்தது. அடியில், மூடியின் நட்ட நடுவில், ஒரு துளை. காது குத்தின துளை அளவுகூட இல்லை. அதற்குள்ளும் சந்தனம் அடைத்துக்கொண்டிருந்தது. துடைப்பக் குச்சியால் குத்தினேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். ஒரு புள்ளி வானம் தெரிந்தது. வாயை வைத்து ஊதினேன். மறுபக்கம் என் உள்ளங்கையில் காற்று பட்டது.

எண்ணெய் டின் வாங்கினால் ஒரு மூலையில் மட்டும் ஓட்டை போட்டால் எண்ணெய் வராது. எதிர்மூலையிலும் ஒன்று போட்டுக் காற்றுக்கு வழிவிட வேண்டும். சமையல்கட்டில் நிற்கிற எந்தப் பொம்பளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

திறந்தபோதெல்லாம் ஸ்ஸ் என்று காற்றை உள்ளே இழுத்ததே. வயிறு நிறைய ஊற்றி உள்ளே காற்றே இல்லாதபோது உடனே நின்றதே.

இதை எழுதிவிட்டு ரொம்ப நேரம் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். சோறு குழைந்துவிட்டது. கோகிலா ஏன் அத்தை என்றாள். கண்ணில் புகை என்றேன். அடுப்பு கேஸ் அடுப்பு.

நவம்பர் 28, வியாழன்

நேற்று மத்தியானம் பாலத்தைத் திறந்தார்கள். ஆம்புலன்சில் டாக்டரே வந்து பார்த்தார். ஒரு பெரிய சிலிண்டர் இறக்கி வைத்துவிட்டுப் போனார். இன்னும் ஒரு நாள் இப்படியே போயிருந்தால் என்று ஆரம்பித்தார். நான் காப்பி போடப் போய்விட்டேன்.

இன்று கரண்டும் வந்தது. பாய் ஜெனரேட்டரை அணைத்துப் பார்க்க வந்தார். டம்ளரை எடுத்துக் கொடுத்துவிட்டு மூடி கிடைச்சுதா அக்கா என்று கேட்டார். கொடுத்தேன். வாங்கித் திருப்பிப் பார்த்தார். துளையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. கட்டுப் போட்ட கையின் கட்டைவிரலால் அதைத் தடவினார்.

"எஞ்சின் முழுக்கத் துடைச்சேன் அக்கா. இது ஒண்ணைத்தான் துடைக்கல. உங்க சாமி விஷயம், நம்ம கை எதுக்குன்னு விட்டுட்டேன்."

"நான் வச்சதை நீங்க எப்படி அழிப்பீங்க. அழிச்சிருந்தா உங்களையும் வைதிருப்பேன்."

"வைதுட்டுப் போறீங்க. இனிமே அழிப்பேன்."

அழிங்க என்றேன்.

சாயங்காலம் தெருவில் பொம்பளைகளிடம் கோகிலா கதை சொல்லிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகக் கேட்டது. அத்தை விட்டெறிஞ்ச வேகத்துல மூடி மதில்ல பட்டு டங்குன்னு சத்தம் கேட்டுச்சு, நான் மாமா தலைமாட்டுல இருந்தே கேட்டேன் என்கிறாள். வாய்க்கு வந்ததைச் சொல்லுவாள். ஆனால் துளையைப் பற்றி அவளுக்குத் தெரியும், பாயும் நானும் பேசியது அவள் காதிலும் விழுந்தது. அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. எஞ்சினுக்குப் பாய் வைத்தியம் பார்த்தார், சரியாயிடுச்சு என்று முடித்துவிட்டாள். ராத்திரிச் சோற்றில் அவளுக்கு ஒரு துண்டு வஞ்சிரம் கூடப் போட்டேன். ஏன் அத்தை என்றாள். தின்னு என்றேன்.

கிளிப்பு: 92.

நவம்பர் 29, வெள்ளி

டவர் வந்தது. ஒடிசாவிலிருந்து மகன் பேசினான், நல்லாயிருக்கிறானாம். பிறகு நித்திலா பேசினாள். எல்லாம் எழுதினியா ஆத்தா என்றாள். எழுதினேன், ஆனால் லீவுக்கு வரும்போது நம்பரை மட்டும் நான் படித்துக் காட்டுகிறேன் என்றேன்.

தலைக்குக் குளித்து, மாரியம்மனுக்கு மாவிளக்கு போட்டுவிட்டு வந்தேன். நேர்ந்தது நேர்ந்ததுதானே. மிச்சச் சந்தனத்தை எடுத்துக்கொண்டு சாய்ப்புக்குப் போனேன். ஜெனரேட்டர் கழுவித் துடைத்துக் கிடந்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். மூடி வேண்டாம். முன்னால் சல்லடையாகத் துளை இருக்கிறது, புகைக்குழாய் இருக்கிறது, அங்கேயும் வேண்டாம். கடைசியில் கைப்பிடிக் கம்பியில் ஒரு சின்னப் பொட்டு வைத்தேன். கடுகு அளவுக்கு.

உள்ளே வந்து திருநீற்றுத் தட்டோடு இவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு உட்கார் என்று கூப்பிட்டவர். இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன். ஷேவ் பண்ணி விட்டிருந்தாள் கோகிலா, முகம் கொஞ்சம் மனுஷ முகமாக இருந்தது. மூக்கில் டியூப். மெஷின் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது. மூன்று விரலில் திருநீறு எடுத்து நெற்றிக்குக் கொண்டுபோனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நெத்தியோட நிறுத்திக்க தையலு. மூக்குல அடைச்சுடாதே."

ஒரே மூச்சில் முழுசாகச் சொன்னார்.

இவரிடம் நான் எதையும் சொல்லவில்லை. கோகிலாவும் சொல்லியிருக்க மாட்டாள். ஜன்னல் ஓரக் கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார், நான் ஒவ்வொரு நாளும் குளித்துவிட்டுப் போய் அப்பியதை, நேற்று பாய் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை, எல்லாவற்றையும்.

நெற்றியில் ஒற்றைக் கோடாகப் பூசினேன். விரலில் மிச்சம் ஒட்டியிருந்ததை என் முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

கிளிப்பு: 93.